கண்ணில் ஏறாத மஞ்சள்

கண்ணின் வெள்ளையில் மஞ்சள் தூள் ஏறாது. தோலில் ஏறும், நகக்கண்ணில் ஏறும், வேட்டியில், தலையணையில், சட்டைப் பையில் மறந்துபோன கல்யாணப் பத்திரிகையில் ஏறும், இந்த மண்டியில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம் வியர்வையே மஞ்சளாகத்தான் வரும், ஆனால் கண்ணின் வெள்ளை மட்டும் வெள்ளையாகவே இருக்கும், ஏனென்றால் அதைக் கண்ணீர் ஓயாமல் கழுவிக்கொண்டிருக்கிறது. இது எனக்கு இருபத்தாறு வருடங்களாகத் தெரியும். தெரிந்துகொண்ட விதம் வேறு கதை, அதற்குள் இப்போது போக வேண்டாம், போகாமலும் இருக்க முடியாது. இப்போது நடந்தது இதுதான். நாற்பத்தைந்தாவது தட்டு முடிந்து நாற்பத்தாறாவதை எடுக்கும்போது, என் சகலை சென்னியப்பன், சீட்டில் எழுதியிருந்த விவசாயியின் பெயர் புரியாமல் வடக்கு வாசலுக்கு வந்தான், தன் பழுப்புக் கண்ணாடியைக் கழற்றினான், சீட்டைத் தூக்கிப் பிடித்துப் படித்தான். அந்த நாலு வினாடியில் அவன் கண்ணின் வெள்ளை வெள்ளையாக இல்லை என்பதைப் பார்த்துவிட்டேன். எலுமிச்சை அல்ல, சாமந்தியும் அல்ல, பழைய புத்தகத்தின் தாள் ஓரத்தில் படியுமே அந்த நிறம், இமைக்கு அடியில் கொஞ்சம் கூடுதலாக, கருவிழியை நெருங்க நெருங்கக் குறைவாக. கண்ணுக்குத் தரம் பிரிக்கும் வழக்கம் இருந்தால் மூன்று என்று அங்கேயே சொல்லியிருப்பேன். "அரச்சலூர் நாச்சிமுத்துங்ணா" என்று படித்துச் சொன்னான், கண்ணாடியை மாட்டினான், உள்ளே டியூப்லைட்டுக்குக் கீழே இருக்கும் தன் நாற்காலிக்குப் போய்விட்டான். நான் சரிங்க என்றேன். இன்னும் பத்தொன்பது தட்டுகள் இருக்கின்றன. பதினொரு மணிக்கு ஏலம், வியாபாரிகள் வந்துவிடுவார்கள்.

நாற்பத்தாறு. முறித்தேன், கணீரென்றது, இரண்டு என்றேன், உள்ளேயிருந்து அவனும் இரண்டு என்றான். எங்கள் இருவருக்கும் ஒரே வேலைதான். ஏலத்துக்கு வந்த ஒவ்வொரு குவியலிலிருந்தும் ஒரு அலுமினியத் தட்டில் மாதிரி எடுத்து வைப்பார்கள், நாங்கள் ஆளுக்கொரு மஞ்சள் விரலை எடுத்து முறிக்க வேண்டும், சத்தம் கேட்க வேண்டும், முறிந்த வாயில் நிறம் பார்க்க வேண்டும், மோந்து பார்க்க வேண்டும், ஒன்று இரண்டு மூன்று என்று தரம் சொல்ல வேண்டும். இருவரும் ஒன்றையே சொன்னால் தட்டு வலது பக்கம் போகும். வேறு வேறாகச் சொன்னால் உள்ளே இருக்கிறவன் தட்டைத் தூக்கிக்கொண்டு வடக்கு வாசலுக்கு வர வேண்டும், இருவரும் ஒன்றாக நின்று ஒரே விரலைப் பார்க்க வேண்டும், அப்போதும் ஒத்துவரவில்லை என்றால் முதலாளி வந்து தீர்ப்புச் சொல்வார். முதலாளியின் அப்பா காலத்து விதி இது, யாரும் மீறியதில்லை. வடக்கு வாசல் எதற்கென்றால், கிழக்கு வெயில் மஞ்சளைக் கூட்டிக் காட்டும், மேற்கு வெயில் சிவப்பாக்கிவிடும், டியூப்லைட் எல்லாவற்றையும் ஒரே மாதிரி வெளுப்பாக்கும், வடக்கு வெளிச்சம் ஒன்றுதான் பொருளை அதன் யோக்கியதைக்கு மேலும் கீழும் காட்டாமல் காட்டும். என் நாற்காலி இருபத்திரண்டு வருடங்களாக அந்த வாசலில்தான் கிடக்கிறது. அத்தனை காலத்திலும் நான் சொன்ன தரத்தை முதலாளி மாற்றிச் சொன்னது ஒரு தடவைகூட இல்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகத்தான் சொல்கிறேன், வேறெதற்கு.

சென்னியப்பனை எனக்குப் பிடிக்காது. நான் அக்காவைக் கட்டியவன், அவன் தங்கையைக் கட்டியவன், ஒரே மாமனாருக்கு இரண்டு மருமகன்கள் என்பது ஒரே தட்டில் இரண்டு விரல்கள் மாதிரி, பார்க்கிறவர்கள் முறித்துப் பார்க்காமல் விடமாட்டார்கள். பொங்கலுக்குப் போனால் மாமனார் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி சென்னியப்பன் எப்ப வர்றாருங்க என்பது, அவன் வந்த பிறகுதான் இலை போடுவார்கள். மற்றவர்கள் பேசும்போது வாக்கியத்தின் கடைசிப் பாதியை அவன் முடித்துவைப்பான், பெரும்பாலும் தவறாக. விளக்கம் தேவைப்படாத விஷயத்துக்கெல்லாம் அதாவது என்று ஆரம்பிப்பான். ஒரு கல்யாண வீட்டில் என்னை நடமாடும் லைப்ரரி என்று நாலு பேருக்கு அறிமுகப்படுத்தினான், அதில் எனக்குத் தாங்க முடியாதது அந்த வர்ணனை சரியாக இருந்ததுதான். எங்கள் பக்கத்தில் பகையைக்கூட வாங்க போங்க என்றுதான் நடத்த வேண்டும். பதினெட்டு வருடங்களாக மனதுக்குள் அவனை அவன் இவன் என்கிறேன், வாயால் வாங்க சகலை, உக்காருங்க சகலை, சாப்புட்டீங்களா சகலை. ஆறு மாதத்துக்கு முன்னால் அவன் வேலை பார்த்த மஞ்சள் தூள் மில்லை மூடினார்கள், மாமனார் ஒரு வார்த்தை சொன்னார், முதலாளி அவனுக்கு ஒரு நாற்காலியை என் பக்கத்தில், என் வாசலில் போட்டார். ஐந்து மாதம் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். போன மாதம் ஒருநாள் வாசல்ல கண்ணு கூசுதுங்ணா என்று சொல்லி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான். மஞ்சள் பார்க்கிறவன் டியூப்லைட்டில் உட்காருவது சமையல்காரன் மூக்கைப் பொத்திக்கொண்டு சமைப்பது மாதிரி. என் பக்கத்தில் உட்காரப் பிடிக்காமல்தான் போகிறான், அதை நாகரிகமாகச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து அவன் கணிப்பு தப்ப ஆரம்பித்தது. அவன் தப்பாகச் சொன்ன ஒவ்வொரு தட்டையும் தேதியோடு பாக்கெட் டைரியில் குறித்துவருகிறேன். இதுவரை பதினான்கு, பதினான்கு தடவையும் பழுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல்தான் தட்டோடு வாசலுக்கு வந்தான். சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன், திருப்தி.

ஐம்பது. மூன்று என்றேன், மூன்று என்றான், ஈரம் காயாத சரக்கு, இதில் குருடனும் தப்பமாட்டான். பதினான்கு தவறுகளைக் குறித்துவைத்த நான் அவனைப் பார்க்கவே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. அவனையே பார்த்துக்கொண்டிருந்தவன் நான், காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை, ஒரு எதிரியைப் பார்க்கிற கவனத்தோடு, பார்த்ததெல்லாம் இப்போது வரிசை மாறி அடுக்கிக்கொள்கிறது. பத்து மணிக்கு டீயோடு வரும் போண்டாவை முன்பெல்லாம் தன்னுடையதையும் என்னுடையதையும் சேர்த்துத் தின்பான், இந்த இரண்டு மாதமாக எண்ணெய் வாசம் வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு மூட்டை தூக்கும் அருக்காணியிடம் கொடுத்துவிடுகிறான். நான் நினைத்தேன், உடம்பை இளைத்துக் காட்டப் பார்க்கிறான், மாமனார் பாராட்டுவார் என்று. தட்டின் விளிம்பால் உள்ளங்கையைச் சொறிகிறான், செருப்பைக் கழற்றிச் சாக்கில் பாதத்தைத் தேய்க்கிறான், மேலே தடிப்போ சொறியோ ஒன்றும் இல்லை. நான் நினைத்தேன், மில்லில் இருந்த ஆளுக்கு மண்டித் தூசி ஒத்துக்கொள்ளவில்லை, சொகுசு. நாலு தட்டு தூக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துகொள்கிறான். நான் நினைத்தேன், சோம்பேறி. கழிவறையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுகிறான், தொட்டி காலியாகிறது என்று முதலாளியிடம் போட்டுக்கொடுத்ததே நான்தான். இப்போது யோசித்தால், எதைக் கழுவ அவ்வளவு தண்ணீர். மூத்திரம் கட்டன் டீ நிறத்தில் போனால் அடுத்தவன் பார்ப்பதற்குள் கழுவத்தான் வேண்டும். அப்புறம் அந்தக் காலை வழக்கம். வந்ததும் திறந்த மூட்டைக்குள் இரண்டு கையையும் விட்டு முகத்தில் அப்பித் துடைத்துக்கொள்கிறான், லட்சுமிங்ணா என்கிறான். பக்தி வேஷம் என்று நினைத்தேன். வேஷம்தான். இந்த ஊரில் மஞ்சளாக இருப்பதை மறைக்க மஞ்சளைவிட நல்ல இடம் ஏது.

என் அப்பா மறைக்கவில்லை, அவருக்கு மறைக்க வேண்டியது எதுவும் இருப்பதாகவே தெரியாது. அவர் பாலிஷ் டிரம்மில் வேலை பார்த்தார், வேகவைத்துக் காயவைத்த மஞ்சளை டிரம்மில் போட்டு உருட்டி மேல்தோலைக் கழிக்கிற வேலை, மாலையில் வீட்டுக்கு வரும்போது கண் மட்டும் தெரியும் ஒரு மஞ்சள் பொம்மையாக வருவார். எனக்குப் பத்தொன்பது வயது. தினமும் அம்மா அவரைக் கிணற்றடியில் உட்காரவைத்துத் தேங்காய் நாரும் சீயக்காயும் போட்டுத் தேய்ப்பாள். மாசியில் தேய்த்தால் போய்விடும், பங்குனியில் கொஞ்சம் தங்கியது, சித்திரையில் தேய்க்கத் தேய்க்க அப்படியே இருந்தது. இந்த வருசம் சரக்கு நல்ல ஏத்தமுங்க, உடம்புல ஏறுனா எறங்க மாட்டேங்குது என்று அம்மா சொன்னாள். அப்பா சிரித்தார், டிரம்மில் போய் எல்லோரிடமும் சொன்னார், அவர்களும் தங்கள் கையைத் திருப்பிப் பார்த்து ஆமாம் இந்த வருசம் ஏத்தந்தான் என்றார்கள். நாங்கள் பெருமைப்பட்டோம். இந்த வார்த்தையை இருபத்தாறு வருடங்களாக என்னால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை, பெருமைப்பட்டோம். அரிப்புக்குத் தூசி இருந்தது, களைப்புக்கு டிரம் இருந்தது, சாப்பாடு இறங்காததற்குப் பங்குனி வெயில் இருந்தது, அவருக்கு வந்த எல்லாவற்றுக்கும் தொழிலில் ஒரு பதில் இருந்தது. கடைசியில் சேலம் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒரு பஸ் கண்டக்டர், சில்லறை கொடுக்கும்போது, பெரியவரே கண்ணு ஏன் இப்படி இருக்குது என்று கேட்டார். அதற்குள் வயிறு தண்ணீர் கோத்துவிட்டது. ஈரல் சத்தம் போடாத உறுப்பு, பாதிக்கு மேல் கெட்ட பிறகும் மூத்த மருமகள் மாதிரி வாயைத் திறக்காமல் வேலை செய்துகொண்டே இருக்கும், இதெல்லாம் நான் பிறகு நூலகத்தில் உட்கார்ந்து படித்தது, படம் போட்ட மருத்துவக் களஞ்சியம், ஆரோக்கிய மாத இதழ்கள், எல்லாவற்றையும், நேரம் போன பிறகு பாடம் படிக்கிற மாணவனாக. ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மாவிடம் குடிப்பாரா என்று கேட்டார். இல்லீங் என்றாள். சிறிது நேரம் கழித்து மறுபடி கேட்டார். மூன்றாவது தடவை கேட்டபோது அம்மாவுக்கே சந்தேகம் வந்து அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அதைப் பார்த்துவிட்டார். ஆடியில் போய்விட்டார். அவர் ஒரு நாளும் தொட்டதில்லை, ரத்தத்தில் ஏதோ கிருமி வருடக்கணக்காகக் குடியிருந்திருக்கிறது என்று கடைசியில் எழுதிக் கொடுத்தார்கள், அந்தத் தாளை ஊருக்கெல்லாம் படித்துக் காட்ட முடியுமா.

ஐம்பத்து மூன்று. ஒன்று. அவனும் ஒன்று. பதினொரு வருடத்துக்கு முன்னால், என் பெண்ணுக்குக் காது குத்துகிறோம், குலதெய்வக் கோவிலில் பந்தி நடக்கிறது, எதிர் வரிசையில் அவன். யாரோ எனக்குக் காபி கொண்டுவந்தார்கள், நான் வேண்டாம் என்றேன், குழந்தைவேலு காபி டீகூடத் தொடமாட்டாராட்ட என்று மாமனார் சொன்னார். அதற்குச் சென்னியப்பன், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, சத்தத்தைக் குறைக்காமல் சொன்னான். "அவருக்கும் சேத்து அவங்கப்பா குடிச்சுப்போட்டுப் போயிட்டாருங்க." பந்தி முழுக்கச் சிரித்தது. என் மனைவி கோகிலா சிரிக்கவில்லை, அவள் தங்கை வசந்தாமணி சிரிக்கவில்லை, இருவரும் ஒரே நேரத்தில் குனிந்து குழம்பு ஊற்றினார்கள். நான் இலையைப் பார்த்தேன். அப்பாவைக் கிணற்றடியில் உட்காரவைத்துத் தேய்த்தது, அம்மா திரும்பிப் பார்த்த அந்தப் பார்வை, எல்லாம் அந்த இலையில் கிடந்தது, அதன் மேல் யாரோ ரசம் ஊற்றினார்கள். அவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலை அன்று இரவே தயார் செய்தேன், மூன்று விதமாக, ஒன்று சுருக்கமாக, ஒன்று ஆதாரங்களோடு, ஒன்று அவன் வம்சத்தையும் சேர்த்து. மூன்றும் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். ஒன்றையும் இதுவரை சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் இன்றைக்கு நாலாவது பதில் தானாக நடந்து வாசலுக்கு வந்து கண்ணாடியைக் கழற்றிக் காட்டிவிட்டுப் போயிருக்கிறது. நான் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. சும்மா இருந்தால் போதும். இன்னும் இரண்டு மாதத்தில் ஊர் அவனையும் குடிகாரன் என்று சொல்லும், அதே பந்தியில், அதே அப்பளத்தோடு.

ஐம்பத்தேழு. சொல்லாமல் இருப்பது பொய் அல்ல. கேட்டால்தானே பதில், யாரும் கேட்கவில்லை. மேலும் நான் டாக்டரா, நூலக அறிவை வைத்துக்கொண்டு ஒருவனைப் பயமுறுத்தலாமா, அது பொறுப்பற்ற செயல் அல்லவா. பார், எவ்வளவு நேர்த்தியாக முறிகிறது என் மனது, உள்ளே பார்த்தால் கறுப்பு. இரண்டு என்றேன். இரண்டு என்றான், அவன் குரலில் ஒரு இழுப்பு, மூச்சு வாங்குகிறது. என் உள்ளங்கை அரிக்கிறது. அவன் சொறிவதைப் பார்த்து அரிக்கிறதா, இல்லை நிஜமாகவே அரிக்கிறதா. தினமும் காலையில் வண்டிக் கண்ணாடியில், வாசலில் நின்று, கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன், இருபத்தாறு வருடங்களாக. உங்களுக்குக் காமாலை இல்லீங், சந்தேகந்தான் இருக்குது என்பாள் கோகிலா. இன்று காலை பார்த்தேனா. பார்த்தேன். மேகமாக இருந்ததே, சரியாகப் பார்த்தேனா. ஈரக்குலை நடுங்குவது என்று பேச்சில் சொல்கிறோம், பயத்துக்கு அந்த இடத்தை யார் ஒதுக்கிக் கொடுத்தார்களோ, சரியாகத்தான் கொடுத்திருக்கிறார்கள், விலாவுக்குக் கீழே வலது பக்கம் யாரோ கை வைத்தது மாதிரி இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை வசந்தாமணி போனில் அக்காவிடம் அழுதாளாம். தாளித்தால் எழுந்து வெளியே போய்விடுகிறாராம், ரசம்கூட வேண்டாங்கிறாராம், பதினெட்டு வருசம் கழிச்சு என் சமையல்ல என்ன குத்தம் கண்டாருன்னு தெரியலக்கா என்று. கோகிலா இதை என்னிடம் சொன்னபோது நான் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், இப்பத்தான் அவருக்கு நாக்குன்னு ஒண்ணு வந்திருக்குது என்றேன். நல்ல நகைச்சுவை என்று எனக்கு அப்போது பட்டது. அந்தப் பெண் என் பெண்ணுக்குக் காது குத்தும்போது சிரிக்காத இரண்டு பேரில் ஒருத்தி.

அறுபது. நானாகச் சொல்லாவிட்டால் என்ன, வேறு யாராவது பார்ப்பார்கள், முதலாளி பார்ப்பார், அருக்காணி பார்ப்பாள், ஏலத்துக்கு வருகிற நாற்பது வியாபாரிகளுக்கும் கண் இருக்கிறது, மஞ்சள் பார்த்தே பழகிய கண். அப்பாவுக்கும் அப்படித்தான். களத்தில் முப்பது பேர் இருந்தார்கள், டீக்கடை இருந்தது, மேஸ்திரி இருந்தார், யாருமே பார்க்கவில்லை என்றுதான் இத்தனை வருடமும் நான் நினைத்துவருகிறேன். யாருமே பார்க்கவில்லையா. இந்த இடத்தில் கை நின்றுவிட்டது, அறுபத்தோராவது தட்டின் விரல் முறியாமல் கையிலேயே இருக்கிறது. முப்பது பேரில் ஒருவன் பார்த்திருந்தால். பார்த்துவிட்டு, புரிந்துகொண்டு, சும்மா இருந்திருந்தால். அப்பாவுக்கும் வேண்டாதவர்கள் இருந்தார்கள். மேஸ்திரிக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, டிரம்மை யார் முதலில் பிடிப்பது என்பதில் தகராறு, அந்த ஆள் சித்திரையில் ஒருநாள் அப்பாவின் முகத்தை வெகு நேரம் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பிக்கொண்டார், நான் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன், பார்த்தேன். அந்தத் திரும்பிக்கொண்ட முகத்தை நான் ஏன் இத்தனை வருடம் வைத்திருக்கிறேன், எதற்கும் உபயோகமில்லாத ஒரு முகம், காரணமில்லாமல் ஞாபகத்தில் நின்றது என்று அல்லவா நினைத்தேன். அவருக்கும் மனதில் நேர்த்தியான வாதங்கள் இருந்திருக்கும். அவரும் யாராவது சொல்வார்கள் என்று நினைத்திருப்பார். கண்டக்டர் சொல்வதற்கு இரண்டு மாதம் முன்னால் அவர் வாயைத் திறந்திருந்தால் என்று யோசிக்க ஆரம்பித்தேன், யோசித்தபோது அந்த ஆளின் கழுத்துக்கு மேல் என் முகம் இருந்தது. முறித்தேன். சத்தம் எனக்கே திடுக்கென்றது. இரண்டு. அவனும் இரண்டு. சொல்ல வேண்டும், ஆனால் எப்படி. மண்டிக்கு நடுவில் எழுந்து போய் உங்களுக்குக் காமாலை சகலை என்றால் பத்து பேர் திரும்புவார்கள், அவன் சிரித்து மழுப்பிவிடுவான், வாக்கியத்தைத் தவறாக முடித்துவைப்பான். அவனாக வெளிச்சத்துக்கு வர வேண்டும். அவன் வரமாட்டான், அவனை வரவைக்கத் தரம் ஒத்துவராத தட்டின் விதி ஒன்றுதான் இருக்கிறது. அறுபத்திரண்டு, அறுபத்து மூன்று. ஒத்துப்போகிறோம், இந்த நாய்ப்பிழைப்பில் இன்றைக்குப் பார்த்து ஒத்துப்போகிறோம்.

அறுபத்து நான்கு கடைசித் தட்டு. விரலைப் பார்த்ததுமே தெரிந்தது, நல்ல திரட்சி, சுருக்கமில்லை, முறித்தால் கோவில் மணி, உள்ளே ஆரஞ்சுக்கு ஒரு நூல் முன்னால் நிற்கும் மஞ்சள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை வரும் சரக்கு. டியூப்லைட்டில்கூட அது ஜொலித்திருக்க வேண்டும், அவன் உடனே ஒன்று என்றான், குரலில் கொஞ்சம் உயிர்கூட வந்தது. நான் வாயைத் திறந்தேன். இருபத்திரண்டு வருடம் தொண்டையில் வந்து உட்கார்ந்தது. "மூணு" என்றேன். உள்ளே நாற்காலி நகர்ந்தது. மூணுங்களா என்று கேட்டான். மூணு என்றேன். அவன் தட்டைத் தூக்கிக்கொண்டு மெதுவாக வந்தான், வெளிச்சம் தரையில் முடிகிற கோட்டுக்கு ஒரு அடி உள்ளேயே நின்றுகொண்டு தட்டை மட்டும் என் பக்கம் நீட்டினான். பழுப்புக் கண்ணாடியில நிறம் தெரியாதுங்க, கழட்டிப்போட்டு வந்து பாருங்க என்றேன். தெரியுதுங்ணா என்றான். கழற்றுங்கள் என்றேன் மறுபடி. கழற்றினான், ஒரு அடி முன்னால் வந்தான், தலையைக் குனிந்து மஞ்சளையே பார்த்தான். முறிக்கிற விரலை இப்படிப் பார்த்திருந்தால் பதினான்கு தவறு வந்திருக்காது. "சென்னியப்பா," என்றேன், சகலையும் ங்கவும் இல்லாமல், பதினெட்டு வருடத்தில் முதல் தடவை. "எத்தன நாளாச்சு?" எது என்று கேட்க வாயெடுத்தான், கேட்கவில்லை. இருவது நாளுங், அரிப்பு அதுக்கும் முந்தி என்றான். வசந்தாமணிக்குத் தெரியாதாம். ஊரில் சொல்கிறார்களே என்று மோட்டார் ரூமில் ஒரு டப்பாவில் மூத்திரம் பிடித்து, அதில் ஒரு பிடி சோறு போட்டு வைத்தானாம், சோறு மஞ்சளானால் காமாலை. மஞ்சளாகியிருக்கிறது. "சோத்தக் கையிலதானுங் அள்ளிப் போட்டன். என்ற கைல இருந்த மஞ்சள்தான் ஏறியிருக்கும்னு நெனச்சுட்டன்." அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து பாதியில் நின்றது. "அடுத்த நாள் கரண்டியில எடுத்துப் போட்டனுங்." போட்டு என்றேன். "பாக்காமயே கொட்டிப்போட்டன்."

டாக்டரிடம் ஏன் போகவில்லை என்று நான் கேட்கவில்லை, அவனே பதில் சொன்னான், மற்றவர்கள் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வதும் அவன் குணம்தான். "போனா மொதல்ல என்ன கேப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா. நான் ஒரு சொட்டுத் தொட்டதில்லீங்ணா. சொன்னா யாரு நம்புவாங்க. நானே நம்புலயே, அன்னைக்கு..." மற்றவர்களின் வாக்கியங்களையெல்லாம் முடித்துவைக்கிறவன் தன்னுடையதைப் பாதியில் விட்டான். என் மூன்று பதில்களும், சுருக்கமானது, ஆதாரங்களோடு இருப்பது, வம்சத்தையும் சேர்த்தது, மூன்றும் நாக்கு நுனிக்கு வந்து வரிசையில் நின்றன. அவன் வாக்கியத்தை நான் முடித்துவைக்கவில்லை. கீழ் இமையை இழுங்க என்றேன். இழுத்தான். வடக்கு வெளிச்சத்தில் நான் பார்த்தேன், அம்மா பார்த்திருக்க வேண்டிய மாதிரி, நான் பார்த்திருக்க வேண்டிய மாதிரி. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், தட்டோடு நிற்கிற விவசாயி மாதிரி, என்ன தரம் சொல்வேன் என்று. எல்லாக் காமாலையும் குடியில்லைங்க, எல்லாக் காமாலையும் சாவும் இல்லைங்க, பித்தப்பைக் கல்லாக இருக்கலாம், கிருமியாக இருக்கலாம், ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றேன், புத்தகம் படிக்கிற குரல் வந்துவிட்டது, எனக்கு அது ஒன்றுதான் வரும். நாட்டு மருந்து எதாவது என்று கேட்டேன். கீழாநெல்லி அரைத்துக் குடிக்கிறானாம், யாரோ கொடுத்த சூரணமும் சாப்பிடுகிறானாம். டாக்டர் பாக்கற வரைக்கும் அந்தக் கருமத்தையெல்லாம் தொடாதீங்க என்றேன். நாளைக்குக் காலையில் வெறும் வயிற்றோடு ஆறரைக்கு வாசலில் நிற்க வேண்டும், நான் வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன், அவர்கள் குடியைப் பற்றிக் கேட்டால் நான் சொல்கிறேன் என்றேன். நீங்களா என்றான். என்னை விட்டால் அந்தக் கேள்விக்குப் பழகியவர்கள் யாருங்க இருக்காங்க என்றேன். அதில் அன்பு ஒன்றும் இல்லை, வாயில் கசப்பாகத்தான் இருந்தது, இந்த ஆளை எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை.

முதலாளி வந்துவிட்டார், பதினொன்று அடிக்கப் போகிறது, என்ன ரெண்டு பேரும் கடைசித் தட்டப் புடிச்சுட்டு நிக்கறீங்க என்றார். ஒத்துவரலீங் என்றேன் நான். அவர் ஒரு விரலை எடுத்து முறித்தார். வாசலில் நின்ற அருக்காணிகூடத் திரும்பிப் பார்த்தாள், அப்படி ஒரு சத்தம். முறிந்த வாயைப் பார்த்தார், மோந்தார், என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். இதப் போயி மூணுன்னது யாரு என்றார், சென்னியப்பனைப் பார்த்துத்தான் கேட்டார். நான்தானுங் என்றேன். விரலைத் தட்டில் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா குழந்தைவேலு, கண்ணுல எதாச்சும் கோளாறா?" என்றார். மண்டியில் கேட்டவர்கள் எல்லோரும் என் கண்ணைப் பார்த்தார்கள், அவன் கண்ணை ஒருவரும் பார்க்கவில்லை. "ஆமாங்," என்றேன். "நாளைக்குக் காலையில டாக்டரப் பாக்கப் போறனுங். சகலை தொணைக்கு வர்றாரு. ரெண்டு பேத்துக்கும் லீவு வேணுமுங்." முணுமுணுத்துக்கொண்டே போனார். சென்னியப்பன் தட்டை வலது பக்கம், முதல் தரத்தில் வைத்தான். நான் பாக்கெட் டைரியை எடுத்தேன், பதினான்குக்குக் கீழே இன்றைய தேதியை எழுதினேன், பதினைந்தாவது தவறு, பெயர் மட்டும் வேறு. வெளியே வியாபாரிகளின் வண்டிகள் வந்து நிற்கும் சத்தம். அவன் உள்ளே போய் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து வடக்கு வாசலில் என் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான், கண்ணாடியை மாட்டாமல். முட்டி இடித்தது.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க, சகலை," என்றேன்.